குப்பைக் கிடங்கில் ஒரு தூது

1

இந்தக் கதை உடைந்துபோன ஒரு கழிப்பறைப் பீங்கானிலிருந்து தொடங்கியது. அதை மறைத்துவிட்டு வேறு ஏதாவது சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கதை எப்படி வந்தது என்று கேட்டால் மழை, ரயில் பயணம், பழைய கடிதம் என்று கௌரவமாக ஏதாவது சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்தது எங்கள் குளியலறையை இடித்ததால். உடைத்த டைல்ஸ், பீங்கான், சிமெண்டுக் கட்டி, கூடவே கதவுச் சட்டம், பிளாஸ்டிக் குழாய், எல்லாவற்றையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இன்று காலை குப்பைக் கிடங்குக்குப் போனேன். பத்து மணிக்குப் போனவன் திரும்பி வரும்போது மணி இரண்டரை.

"கக்கூசைக் கொட்டப் போனீங்களா, இல்ல கதைக்கு ஆள் பிடிக்கப் போனீங்களா?" என்றாள் மனைவி.

இரண்டுக்கும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஒன்பது வருடங்களாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை." உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறது.

"குப்பை மேட்டின் மேல் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன, அவற்றின் நிழல்—" பருந்தே இல்லை. காக்கைகூட இல்லை. அடித்துவிட்டேன்.

"வண்டி எடைமேடையில் ஏறியபோது தம்பி மூச்சை அடக்கிக்கொண்டார், ஏனென்றால் அண்ணனின் தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது." இதை வைத்துக்கொள்கிறேன். அவர் மூச்சை அடக்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால் அடக்கியிருப்பார்.

2

எனக்கு முன்னால் நின்ற சின்ன லாரியை ஓட்டி வந்தவர்தான் தம்பி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீடு வீடாகப் போய் வயரிங் வேலை செய்கிற எலக்ட்ரீஷியன். குப்பை கொட்ட வந்த இடத்திலும் சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எட்டு வயது பெரியவர், பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று முப்பது வருடம் எழுதிய கை. இப்போதும் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தம்பி சொன்னார். நான் கேட்டதற்கு மேலேயே சொன்னார். வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் வெளியில் அப்படித்தான் கொட்டித் தீர்ப்பார்கள்.)

கண்ணாடி அறைக்குள்ளிருந்து எடை எழுதும் பெண் எட்டிப் பார்த்தார். லாரியின் பின்னால் செங்கல், காரைக் கட்டி, அதற்கு நடுவே கிழிந்த மெத்தை, உடைந்த முக்காலி, மருந்து அட்டைப்பெட்டிகள், பழைய வயர் சுருள்.

"கலந்து வந்தா உள்ள விடமாட்டோம். செங்கல், கான்கிரீட்டெல்லாம் இடது பக்கம், வீட்டுக் குப்பை வலது பக்கம். அந்தத் தளத்துல இறக்கிப் பிரிச்சிட்டு அப்புறம் போங்க."

தம்பி கீழே இறங்கினார். அண்ணனும் இறங்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை.

"பிரிக்கணுமாம்னு அவர்கிட்ட சொல்லுங்க மேடம்," என்றார் தம்பி.

"எனக்குக் காது கேக்குதுன்னு அவன்கிட்ட சொல்லுங்கம்மா," என்றார் அண்ணன்.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இங்க எடை எழுதற ஆளு," என்று சொல்லிக் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டார். என் ஆட்டோவையும் அதே தளத்துக்கு அனுப்பிவிட்டார். கதவுச் சட்டமும் பிளாஸ்டிக் குழாயும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வார்.

3

சுவர் ஏன் வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட இரண்டு பேர் என்றால் வாசகருக்குக் காரணம் வேண்டும். சொத்துத் தகராறு என்று எழுதினேன். சலித்துப்போய் அடித்தேன். ஒரு பெண் விஷயம் என்று எழுதி, எழுதும்போதே கூச்சமாக இருந்ததால் பாதி வாக்கியத்திலேயே—

தம்பி சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி மோட்டார்ல ஆரம்பிச்சது சார். யாரு போட்டது, யாரு நிறுத்தலன்னு. அப்புறம் எப்படி சுவரு வரைக்கும் போச்சுன்னு இப்ப யோசிச்சாலும் பிடிபடல."

கதைக்கு இது போதாது. வாழ்க்கைக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆக, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவர். வீட்டுக்குள் இருந்த ஒரே கழிப்பறை தம்பி பக்கம் விழுந்தது. அண்ணன் கொல்லையில் மூன்று படி கீழே இறங்கிப் போகிற மாதிரி இன்னொன்று கட்டிக்கொண்டார். ஒற்றை ஆள் உள்ளே சொகுசாக இருக்க, அண்ணி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவதைத் தம்பி ஒன்பது வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். "வாங்கண்ணி, இங்க போயிக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல," என்றார். வெட்கப்பட்டுத்தான் சொன்னார்.

அண்ணிதான் இரண்டு பேருக்கும் வாய். மீட்டர் பில் வந்திருக்கிறது, மாடித் தொட்டியைக் கழுவ வேண்டும், உறவில் ஒருவர் போய்விட்டார், எல்லாம் அண்ணி வழியாகத்தான். "உங்கண்ணன் கேக்கறாரு" என்று இந்தப் பக்கம் வருவார். "உங்க தம்பி சொல்றான்" என்று அந்தப் பக்கம் போவார். வரும்போது மூடி போட்ட பாத்திரத்தில் ஏதாவது இருக்கும். பாதி நாள் தம்பியின் சாப்பாடு அதுதான்.

(சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்தது, அண்ணி அதன் வழியாகப் பேசுவார் என்று முதலில் எழுதியிருந்தேன். அப்படி ஓர் ஓட்டை கிடையாது. அண்ணி வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார். ஓட்டையை எடுத்துவிட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.)

போன மாதம் அண்ணிக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போய்விட்டது. கொல்லைப் படியெல்லாம் இனி நடக்காது, சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றைக்கே தம்பி கொத்தனாரைக் கூட்டி வந்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வழியும் இல்லை. அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் பக்கத்து மேசை நாற்காலியைத் தூசி படாமல் துணி போட்டு மூடிவிட்டு ஒதுங்கி நின்றார். இரண்டு நாளில் சுவர் தரைமட்டம்.

அண்ணி மருத்துவமனையிலிருந்து வருவது இன்று மாலை ஐந்து மணிக்கு.

4

தளத்தில் வேலை நடந்தது. இடையில் ஒரு தார்ப்பாயை விரித்து, தம்பி செங்கல்லை ஒரு பக்கம் தள்ள, அண்ணன் மெத்தையை இன்னொரு பக்கம் இழுத்தார். மருந்துப் பெட்டிகளை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போய், இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். நான்தான் போய் எடுத்துப் போட்டேன். அந்த நிமிடமே நான் மாட்டிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

லாரியின் முன்மூலையில் நாலு சிமெண்டு மூட்டைகள் இருந்தன. தம்பி ஒன்றைப் பிரித்தார். உள்ளே பத்து செங்கல். உடையாத, முழுச் செங்கல். ஒட்டியிருந்த காரையை ஒவ்வொன்றிலும் சுத்தியலால் தட்டி, துடைத்து, வரிசையாக அடுக்கியிருந்தது. மற்ற மூன்றிலும் அப்படியே. ஆகமொத்தம் நாற்பது. கூலியாட்கள், மூட்டையாக இருக்கிறதே என்று குப்பையோடு சேர்த்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அது கொட்டறதுக்கு இல்ல. வீட்டுக்குத் திரும்பப் போகுது."

தம்பிக்குக் கை ஓடவில்லை. இடித்த சுவரின் நல்ல கற்களை ஒரு மனிதர் இரவும் பகலும் உட்கார்ந்து சுத்தம் செய்து எடுத்து வைத்திருக்கிறார் என்றால் அது எதற்கு? அண்ணிக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், மறுநாளே—

இந்த வாக்கியத்தைத் தம்பியும் முடிக்கவில்லை. மனசுக்குள்கூட.

என்னிடம் வந்தார். "சார், நீங்க ஒரு உதவி பண்ணணும். அந்தக் கல்லு எதுக்குன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. சண்டைக்குக் கேக்கல. எனக்குத் தெரியணும். மறுபடி சுவருதான்னா, நான் எதுக்கு அவ்வளவு அவசரமா ஆளைக் கூட்டிட்டு வந்து இடிச்சேன்?"

5

எழுதுகிற வேலை பார்க்கிறவனிடம் தூது போகச் சொல்லக் கூடாது. அது அவருக்குத் தெரியாது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அண்ணன் மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன். கேள்வியை அப்படியே கேட்டேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சொன்னார்:

"அவளுக்குப் பேச்சு இருந்த வரைக்கும் எங்களுக்கும் பேச்சு இருந்துச்சு. இப்ப அவளுக்கே இல்ல. சுவரு இருந்தா, சுவரு இருக்கு, அதனால பேசலன்னு இருக்கும். சுவரும் இல்லாம, எதிர எதிர உக்காந்துக்கிட்டு அவன் எங்கிட்ட பேசாம இருந்தான்னா, அதை என்னால தாங்க முடியாது தம்பி. அதான் எடுத்து வெச்சேன். கேட்டான்ல, போய்ச் சொல்லுங்க."

என்னைப் போய்த் தம்பி என்றார்.

6

அங்கிருந்து இங்கே இருபது அடி இருக்கும். அதற்குள் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஐந்தாறு அடியில் அந்த வார்த்தைகளைத் தலைக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு நீளத்தை அப்படியே சொல்ல முடியுமா என்று பயம் வந்தது. அடுத்து, 'சுவருக்குத்தான்' என்று தொடங்கினால் தம்பி மீதியைக் கேட்கவே மாட்டார் என்று தோன்றியது. அதற்கப்புறம், இதைவிட நல்லதாக ஒன்று சிக்கியது. அப்படிச் சிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். அந்தச் சந்தோஷத்தோடுதான் தம்பி முன்னால் போய் நின்றேன்.

"வாசப்படியில சரிவு கட்டறதுக்காம். அண்ணியோட நாற்காலி ஏறணும்ல?"

தம்பி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணனா சொன்னாரு?"

அதுவரைக்கும் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். "வாசல்ல மூணு படி. இருபத்தோரு அங்குலம் வரும். செங்குத்தா வெச்சா நாற்காலி பின்னாடி சாயும். நல்லா நீட்டி வைக்கணும் சார். ரெண்டு பக்கமும் கட்டி நடுவுல மண்ணு நிரப்பணும். நாப்பது கல்லு எந்த மூலைக்கு? இவருக்கு வண்டி டைமுதான் தெரியும், கட்டட வேலை என்ன தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அரை நிமிடம் நினைத்தேன்.

7

தம்பி செங்கல் குவியலில் இறங்கி முழுக் கற்களாகத் தேட ஆரம்பித்தார். ஒன்றை எடுப்பார், காரையைத் தட்டுவார், கண்ணுக்கு நேரே பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார், மூட்டைகளின் பக்கத்தில் கொண்டுபோய் அடுக்குவார். பத்து. பதினைந்து. இருபது.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் என்ன பார்த்தார் என்று யோசித்துப் பாருங்கள். சொல்லி அனுப்பியாயிற்று. சொன்னது தம்பியின் காதில் விழுந்தாயிற்று. அதற்குத் தம்பியின் பதில், இன்னும் இருபது கல்.

நான் பக்கத்தில் போனேன். அவரே சொன்னார்: "அவனுக்கும் சுவரு வேணும்போல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வரி. "இல்லைங்க, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்." நாக்கு நுனி வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினேன். சொன்னால் தம்பியிடமும் போய்ச் சொல்ல வேண்டும். இப்போதுதான் சிரித்த மனிதர்.

அண்ணன் எழுந்தார். மெதுவாகக் குவியலுக்கு நடந்து போனார். குனிந்து ஒரு முழுக் கல்லை எடுத்து, காரையைத் தட்டிவிட்டு, தம்பி கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். தம்பி அதை எடுத்து அடுக்கினார். அடுத்தது. அடுத்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், நிறுத்தாமல், மூட்டைகளில் இருந்ததோடு சேர்த்து நூற்றிப் பத்து கல் ஆக்கினார்கள். ஒருவர் களைத்தால் மற்றவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். என் வாழ்நாளில் இவ்வளவு ஒற்றுமையாக இரண்டு பேர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

8

வெளியே போகும்போது மறுபடியும் எடைமேடை. எனக்கு முன்னால் அவர்கள் லாரி. அண்ணன் வண்டியில் ஏறாமல் ஓரமாக நடந்து போனார். கண்ணாடி அறைப் பெண் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, நீங்களும் ஏறி உக்காருங்க. வரும்போது ரெண்டு பேரோட எடை போட்டேன். இப்ப ஒருத்தரோட எடை போட்டா, உங்களையும் சேர்த்துக் கொட்டிட்டுப் போனதா ஆயிடும்."

தம்பி உள்ளிருந்தபடியே அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். யார் வழியாகவும் சொல்லி அனுப்பவில்லை. சும்மா திறந்துவிட்டார். அண்ணன் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்து என் ஆட்டோ. சீட்டைக் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டார்: "வரும்போது அப்படி இருந்தாங்க. போகும்போது ஒண்ணா கல்லு பொறுக்கி எடுத்துட்டுப் போறாங்க. நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன். அடக்கமாகச் சொன்ன மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

9

இப்போது மணி நாலே கால்.

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன. ஒன்று: லாரியிலிருந்து கல்லை இறக்குகிறார்கள். தம்பி முதல் கல்லை வாசற்படியில் வைக்கிறார், அண்ணன் கூடத்தின் நடுவே. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "அங்க எதுக்கு வைக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்கிறார். எதற்கு என்று மற்றவர் சொல்கிறார். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு. என் பொய்யே அவர்களைப் பேச வைத்துவிட்டது. நானும் தப்பித்தேன். எனக்கு வசதியான முடிவு, அதனாலேயே எனக்கு இதன் மேல் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று: முதல் கல்லை வைக்கிறார்கள், பார்க்கிறார்கள், யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்று தம்பி நினைத்துக்கொள்கிறார். சொல்லி அனுப்பியும் இவன் இரங்கவில்லையே என்று அண்ணன் நினைத்துக்கொள்கிறார். ஐந்து மணிக்கு அண்ணியைக் கூட்டிக்கொண்டு வண்டி வந்து நிற்கிறது. வாசலில் நூற்றிப் பத்து செங்கல், இரு பக்கமும் இரண்டு பேர். அண்ணிக்குப் பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிடும். ஆனால் அவரால்—

மனைவி பின்னால் நின்று இதுவரைக்கும் படித்துவிட்டாள். "வீடு எங்கன்னு தெரியுமா?"

"தண்ணித் தொட்டிக்கு எதிர் சந்துன்னு சொன்னாரு."

"பத்து நிமிஷம். அப்புறம் என்ன உக்காந்து எழுதிக்கிட்டிருக்கீங்க?"

"முடிவு இன்னும் வரல."

"அது பாட்டுக்கு அஞ்சு மணிக்கு வந்துடும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எழுந்து செருப்பு வரைக்கும் போனேன். போய் நின்றால் என்ன சொல்வேன் என்று ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது வார்த்தையிலேயே திருத்த ஆரம்பித்துவிட்டேன். 'தாங்க முடியாது' என்பதைக் கொஞ்சம் தணித்து, 'கஷ்டமா இருக்கும்' என்று. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். என்னை அனுப்பாதீர்கள். நான் போனால் மறுபடியும் கெடுப்பேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நிஜத்தில் ஐந்து மணி எப்போதோ தாண்டியிருக்கும். அங்கே என்ன நடந்ததோ அது நடந்திருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் இன்னும் ஐந்து ஆகவில்லை. லாரி இப்போதுதான் சந்துக்குள் திரும்புகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. வாசலில் மூன்று படி. ஓட்டுகிறவர் தம்பி.

அண்ணன் சொன்னது ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. நான் அதில் கை வைக்கவில்லை. ஒரு வார்த்தையும் மாற்றாமல் போய்ச் சொல்லுங்கள்.